“அந்தக் கோட்டையில குரங்கே இல்ல!”: பேய்ப்படம் பார்த்த பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பவர்களுக்கு

பேய்ப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும் பெரியவர்கள் பயந்ததை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. ‘இரண்டாம் பாதி இழுவை’, ‘கிராபிக்ஸ் சுமார்’ என்று எதையாவது சொல்லி மழுப்பிவிடுவோம். பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் கிடையாது. எந்த இடத்தில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள், எந்த இடத்தில் பேய் வந்து நின்றும் சிரிப்பு வந்தது, எது ஏமாற்று வேலை என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். குடும்பத்தோடு பார்ப்பதற்கென்று எடுக்கப்படும் பேய்ப்படங்களுக்கு இவர்களைவிட நல்ல விமர்சகர் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கேட்கிற விதமாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ‘நல்லா இருந்துச்சி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது கேட்பதற்கான வாய்ப்பும் கூடியிருக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022 அக்டோபரில் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் போடும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் போட்டது சாப்ளின் 1921-ல் எடுத்த ‘தி கிட்’. படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. வீட்டிலோ ‘காஞ்சனா’வும் ‘அரண்மனை’யும் டிவியில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. செஞ்சி வட்டாரத்துப் பெற்றோர், ஆசிரியர்கள், விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் படம் போடுகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை எடுத்துக்கொள்கிறேன். 1984-ல் நவோதயா நிறுவனம் தயாரித்து ஜிஜோ இயக்கிய படம். இந்தியாவின் முதல் 3டி படமான இது மலையாளத்தில் எடுக்கப்பட்டு, தமிழிலும் வந்தது. இசை இளையராஜா. மந்திரவாதிக்கு அடிமையாகக் கிடக்கும் குட்டிச்சாத்தானை மூன்று பிள்ளைகள் விடுவித்துத் தங்கள் கூட்டாளியாக ஆக்கிக்கொள்ளும் கதை. நாற்பது வருடத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும், இன்றைய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் அவர்கள் பேசுவதற்கு அதில் நிறைய இருக்கிறது.

செய்ய வேண்டியவை

தணிக்கைச் சான்றிதழை முதலில் பாருங்கள். 2024-ல் வந்த புதிய விதிகளின்படி யு/ஏ என்பது இப்போது மூன்று வகை: 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல். பிள்ளை அந்த வயதுக்குக் கீழே இருந்தால், பார்க்கலாமா வேண்டாமா என்று பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். தியேட்டரில் யாரும் தடுக்கமாட்டார்கள், பொறுப்பு நம்முடையது. பழைய படங்களில் வெறும் யு/ஏ என்றுதான் இருக்கும், அதற்கு 12 வயது கணக்கு. ‘காமெடிப் பேய்தானே’ என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போகிறவர்கள் பேயை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே ‘என்னடா ஆச்சு?’ என்று குரல் கொடுப்பது கூட உட்கார்ந்து பார்த்ததாக ஆகாது. பிள்ளையின் கை எப்போது உங்கள் கையைத் தேடி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு பேசுவதற்கு அதுதான் முதல் குறிப்பு.

‘எங்கே பயந்தே?’ என்று தொடங்குங்கள். ‘படம் எப்படி?’ என்பது பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி. பிள்ளைக்கு இடம் வேண்டும். எங்கே பயந்தே, எங்கே சிரிச்சே, எங்கே போரடிச்சுது என்று கேட்டுப் பாருங்கள், காட்சி காட்சியாக வந்து விழும்.

செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் ஊர்கள் இவை. மேலச்சேரியிலிருந்து தொடங்கி எத்தனையோ கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து பகாசுரன் குரல் கொடுக்கும்போது, முன்னால் பாயில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பிள்ளை விலுக்கென்று எழுந்து உட்காரும். அடுத்த நிமிடமே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அந்த அசுரனையே கிண்டலடிக்க ஆரம்பித்துவிடுவான். பயம், சிரிப்பு, மறுபடியும் பயம். ‘காஞ்சனா’வில் ராகவா லாரன்ஸ் பேய்க்குப் பயந்து அம்மாவாக வரும் கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறிக்கொள்கிறாரே, அது முழுக்கக் கட்டியக்காரன் வேலை. படம் எடுத்தவர்கள் கூத்தைப் பார்த்து எடுத்தார்களா என்பது வேறு கேள்வி. கூத்துப் பார்த்து வளரும் பிள்ளைக்கு எது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு கைவந்திருக்கிறது. ‘ஜோக்கே வந்துகினு இருந்துச்சி, பேய் வர்றதுக்கு நேரமே இல்ல’ என்று ஒரு பையன் சொன்னான். நம் பேய்ப்படங்களில் பாதிக்கு இந்த ஒரு வரி விமர்சனம் பொருந்தும்.

சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘வந்துச்சி’ என்றால் ‘வந்துச்சி’தான். அதை ‘வந்தது’ என்று திருத்த ஆரம்பித்தால் பிள்ளை உங்களுக்குப் பிடித்த மாதிரிப் பேச ஆரம்பித்துவிடும். சுவர்ப் பத்திரிகையில் ஒட்டுவதானாலும் இப்படியே ஒட்டுங்கள்.

ஊரை அளவுகோலாக வைக்க விடுங்கள். பாழடைந்த கோட்டை ஒன்று வரும் பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு, நாலாம் வகுப்புப் படிக்கும் செஞ்சிப் பெண் ஒருத்தி அடித்துச் சொன்னாள்: “அது பொய்க் கோட்டை அத்தை. அந்தக் கோட்டையில குரங்கே இல்ல.” மேலும் சொன்னாள்: “ஒட்டடையும் அவ்ளோ இருக்காது. காத்து அடிக்கும்ல?”

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலில் ஏறி நின்றவர்களுக்குத் தெரியும். அடுக்கடுக்காக எழும்பும் அந்தக் கோபுரத்தில் நாலு பக்கமும் திறப்பு, காற்று ஊடாடிக்கொண்டே இருக்கும். சினிமாக்காரர்கள் கோட்டை என்றால் இருட்டும் ஒட்டடையும் கிறீச்சிடும் கதவும் என்று வைத்திருக்கிறார்கள். செஞ்சிப் பிள்ளைக்குக் கோட்டை என்பது சுடுகிற பாறை, தின்பண்டப் பையைப் பிடுங்கும் குரங்கு, மூச்சு வாங்கும் படிகள். கோட்டை இருக்கும் ராஜகிரி மலை 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஆழமான பிளவு ஒன்று வரும். அதைப் பாலத்தில் கடந்தால்தான் மேல்கோட்டை. அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். நெற்களஞ்சியத்துக்குள் போய்க் கத்தினால் குரல் வளைவுக் கூரையில் மோதித் திரும்பி வரும். பயப்படுவதற்கு அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேரில் தெரிந்த பிள்ளைகள் இவர்கள்.

2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். படத்தில் வரும் கோட்டையையும் நம் கோட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசச் சொன்னால், பிள்ளை கட்டடக் கலையைத் தானாகவே கவனிக்கத் தொடங்கும்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்குப் போய் வந்த பிள்ளை, மாசியில் மயானக் கொள்ளையன்று காளி வேடக்காரர்களை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, சினிமாப் பேயைப் பார்த்து என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா? சில பிள்ளைகளுக்கு அங்காளம்மன் முகம்தான் உண்மையான பயம், சினிமாப் பேய் வெறும் பவுடர். சில பிள்ளைகளுக்கு நேர்மாறு: ‘சாமி நம்மள ஒண்ணும் பண்ணாது, பேய்தான் பண்ணும்.’ இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டு அதே காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது நன்றாக எடுபடும். பயந்து நடுங்கிய காட்சியை ஒலியில்லாமல் பார்த்தால், ஒரு அக்கா தாழ்வாரத்தில் மெதுவாக நடந்துபோகிறார், அவ்வளவுதான். பயம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அடுத்த முறை கண்ணைப் பொத்துவதற்குப் பதில் காதைப் பொத்திக்கொள்ளும், அது இன்னும் பலனுள்ள வழியும்கூட.

அதேபோல, குட்டிச்சாத்தான் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகும் பாட்டுக்காட்சி வரும். அதைப் பார்த்த பிள்ளை ‘எப்படி?’ என்று கேட்காமல் இருக்காது. அறையையே ஒரு பெரிய சக்கரம்போலச் சுழலும்படி செட் போட்டு, கேமராவையும் அதோடு சேர்த்துச் சுழலவிட்டு எடுத்தார்கள். அறை சுழலும்போது பிள்ளைகள் எப்போதும் கீழே வரும் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். கேமராவும் கூடவே சுழல்வதால் நமக்கு அறை அசையாததுபோலவும் அவர்கள் சுவரில் ஏறுவதுபோலவும் தெரிகிறது. கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டியை மேசையில் வைத்து உருட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

பயத்துக்குப் பின்னால் வேறு எதுவும் இருக்கிறதா என்று காது கொடுங்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். குட்டிச்சாத்தான் படத்தில் லட்சுமி என்ற சிறுமியின் அப்பா குடிப்பவர். படம் முடிந்ததும் எங்கே பயந்தே என்று ஒரு வட்டத்தில் கேட்டுக்கொண்டே வந்தபோது, மற்றவர்கள் மந்திரவாதியையும் எலும்புக்கூட்டையும் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் ‘அவங்கப்பா குடிச்சிட்டு வந்தப்ப’ என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

இப்படி ஒரு பதில் வந்தால் வட்டத்தில் வைத்து மேலே கேட்காதீர்கள். ‘சரி’ என்று வாங்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுங்கள். பிறகு தனியாக, பேச்சோடு பேச்சாக, அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அடி, வதை, பாலியல் தொந்தரவு என்று எதுவும் தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளும் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

செய்யக்கூடாதவை

கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். ‘ஒரு ஊரில் ஒரு மந்திரவாதி இருந்தான்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘படம் அருமை’ என்று முடிப்பார்கள். கதையை நாமும்தான் பார்த்தோமே.

‘இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். கேட்ட மாத்திரத்தில் பிள்ளை தன் கருத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பாடப்புத்தகத்திலிருந்து ஒரு நீதியை எடுத்து நீட்டும். நட்சத்திரம் போடச் சொல்வதும் இப்படித்தான். அஞ்சுக்கு நாலு என்று சொல்லிவிட்ட பிள்ளை அதற்கு மேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடும்.

சின்னப் பிள்ளையிடம் ‘அதெல்லாம் கிராபிக்ஸ், பேயே கிடையாது’ என்று வாதாடாதீர்கள். பிள்ளைகளின் திரைப்பட பயத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கான்டர். சின்ன வயதில் தோற்றம்தான் பயமுறுத்துகிறது, கொஞ்சம் வளர்ந்தபிறகு ‘இது நமக்கும் நடக்குமோ’ என்பது பயமுறுத்துகிறது என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. ஆகவே அஞ்சு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் பலிக்காது. மடியும், தண்ணீரும், விளக்கு வெளிச்சமும்தான் பலிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கமும் பலிக்கும். நல்ல பேயாகவே இருந்தாலும் முகம் கோரமாக இருந்தால் சின்னது அழும். ‘அதான் நல்ல பேயாச்சே’ என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அழத்தான் செய்யும்.

படத்துப் பேயை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சோறு ஊட்ட, தூங்கவைக்க, வெளியே போகாமல் தடுக்க என்று காஞ்சனாவைக் கூப்பிட ஆரம்பித்தால், அந்தப் பிள்ளையிடம் அதற்குப் பிறகு படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க முடியாது. பயம் படத்தை விட்டு இறங்கி உங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவை ஆவியாக்காதீர்கள். கோட்டைக்கு அழைத்துப் போகிறவர்கள் சிலர் குஷியில் செய்கிற காரியம் இது. ‘ராத்திரி குதிரைச் சத்தம் கேக்குமாம்’ என்று ஆரம்பிப்பார்கள். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டபோது தேசிங்குக்கு வயது 22 என்பார்கள். கூடவே நின்று உயிர்விட்டவன் அவனுடைய முஸ்லிம் நண்பன் என்று கதைப்பாடல் சொல்கிறது. ராணி உடன்கட்டை ஏறினாள். எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் ‘ராஜா தேசிங்கு’ என்று படமும் வந்தது. இது துக்கமான கதை, பிள்ளைகள் துக்கத்தைத் துக்கமாகவே தாங்கிக்கொள்வார்கள். கோட்டையிலுள்ள செட்டிக்குளத்துக் கரையில் நின்று அந்த ராணியைப் பற்றிச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: “அவங்கள யாரும் புடிச்சி நிறுத்தலியா?” இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நாம் எதற்காக வெள்ளைப் புடவை உருவத்தைக் காட்ட வேண்டும்?

கைதிகளைத் தள்ளிவிட்டுப் பட்டினி போட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் கைதிக் கிணறும் அப்படித்தான். மேலே துளையுள்ள அந்தப் பெரும் பாறையைக் காட்டும்போது குரலைத் தாழ்த்திப் பேய்க்கதை சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ததாகச் சொல்லப்படுவதை, வயதுக்குத் தக்கபடி, உள்ளது உள்ளபடி சொன்னால் போதும்.

‘காஞ்சனா’வைப் பார்த்துவிட்டுக் கைதட்டிக் கேலி செய்வதைச் சிரித்து ரசிக்காதீர்கள். 2011-ல் வந்த அந்தப் படத்தில் சரத்குமார் ஏற்ற வேடம், நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. பேயாக வந்து கேட்பது நியாயம். ஆனால் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கைதட்டலையும் குரலையும்தான். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து போகும் திருநங்கைகளில் சிலர் நம் பக்கம் வழியாகவும் போகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரைப் பார்த்து ஒரு பிள்ளை ‘காஞ்சனா!’ என்று கத்தினால், அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. ‘காஞ்சனா ஏன் திரும்பி வந்தாங்க?’ என்று கேளுங்கள். ‘அவங்க இடத்தப் புடுங்கிக்கினாங்க, பாவம்’ என்று பிள்ளை சொல்லும். அந்த வரியை எழுதிக்கொள்ளுங்கள். தீக்காயத் தழும்பு, மாறுகண், கூன் ஆகியவற்றைப் பேயின் அடையாளமாகக் காட்டும் எந்தப் படத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பிள்ளை பயந்து அழுவதைப் போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தபிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் உண்மையைச் சொல்லாது.

பேயெல்லாம் கெட்டது என்று முடிவுகட்டிப் பேசாதீர்கள். நாகா இயக்கி 2010-ல் வந்த ‘அனந்தபுரத்து வீடு’ என்ற படத்தில் வீட்டில் இருக்கும் ஆவிகள் இறந்துபோன தாத்தாவும் பாட்டியும். கடனில் மாட்டித் தவிக்கும் மகன் குடும்பத்துக்கு அவர்கள்தான் காவல். (பெயரைக் கேட்டதும் செஞ்சிப் பிள்ளைகள் ‘நம்ம அனந்தபுரமா?’ என்றுதான் கேட்பார்கள். நம் பக்கத்து அனந்தபுரத்தை நினைத்துக்கொண்டே பார்க்கட்டும், தப்பில்லை.) ஆயாவை அண்மையில் இழந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படம் வேறு மாதிரி இருக்கும். ‘எங்க ஆயாவும் இப்பிடி வருமா?’ என்று கேட்டால், பேய்ப்படம் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஆயாவைப் பற்றிப் பேசுங்கள்.

உங்களுக்குப் பிடித்த படத்தைப் பிள்ளை ‘மொக்க’ என்று சொன்னால் வாதத்துக்குப் போகாதீர்கள். குட்டிச்சாத்தான் 3டியில் ஐஸ்கிரீம் கண்ணுக்கு நேரே வந்து நின்றதை நீங்கள் எவ்வளவு சொல்லி மாய்ந்தாலும், டிவியில் பார்க்கும் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் டிவிக்குள்ளேதான் இருக்கும். ஏன் மொக்கை என்று மட்டும் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அது விமர்சனம். காரணம் வராவிட்டால் நாளைக்கு வரும், அவசரமில்லை.

ஒருமுறை கேட்டதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். ஆறு வயதில் மந்திரவாதியைப் பார்த்து அலறிய பிள்ளை ஒன்பது வயதில் அதே மந்திரவாதியின் ஒட்டுத்தாடியைக் கண்டுபிடிக்கும். பன்னிரண்டில் ‘குட்டிச்சாத்தான விட்டுட்டு எப்பிடிப் பிரிஞ்சி இருப்பாங்க?’ என்று கேட்கும். பேசிய தேதி, பிள்ளையின் வகுப்பு, எங்கே உட்கார்ந்து பார்த்தது, கூட யார் இருந்தார்கள் என்பதைக் கருத்துக்குக் கீழே குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே படத்தைப் போடும்போது பழைய பக்கத்தை முதலில் காட்டாதீர்கள். புதிதாகச் சொல்லி முடித்தபிறகு எடுத்துக் கொடுங்கள், மீதியைப் பிள்ளையே படித்துக்கொள்ளும்.